பலியா, பழியா? தமிழ்க் கிறித்தவப் பாடல்களும் ஒலிப்பதிவும்

தென்சென்னைப் புறநகரில், கோவிலம்பாக்கம், மேடவாக்கம், தாம்பரம் என்று நீளும் பகுதியில் இன்று பல சபைகள் ஞாயிறு ஆராதனையில் திரையைப் பார்த்தே பாடுகின்றன. பாமாலையும் கீர்த்தனைப் புத்தகமும் சில கைகளில் இருக்கின்றன. மற்றவர்களுக்குத் திரையில் ஓடும் வரிகளே புத்தகம். அந்த வரிகளை யாரோ ஒருவர் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்திருப்பார். ‘பாவக் கறை’ திரையில் ‘பாவக் கரை’ ஆகிவிட்டாலும் பாட்டு நிற்பதில்லை, ஏனென்றால் சென்னைப் பேச்சில் இரண்டுக்கும் ஒலி ஒன்றுதான். இத்தகைய பிழைகளைப் பெரும்பாலோர் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அவற்றை ஒதுக்கக் கூடாது என்பதே என் வாதம். ஒரு பாட்டு எந்த வாய், எந்தக் கருவி, எந்தத் தாள் வழியாக நம்மிடம் வந்தது என்பதை அந்தப் பிழைதான் காட்டிக்கொடுக்கிறது. நாம் இறுதிச் சான்றாக நம்பும் ஒலித்தட்டும் கேசட்டும் அந்த நெடுவழியில் ஒரு பிரதி மட்டுமே.

ஒலிப்பதிவுக்கு முன்பே இந்தப் பாடல்கள் காதால் பரவியவைதான். பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னை வேப்பேரியில் இருந்த மிஷனரி ஃபப்ரீஷியஸ் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கினார். அவற்றின் மெட்டு அயலிலிருந்து வந்தது. தஞ்சையில் மிஷனரி ஷ்வார்ட்ஸிடம் இளவரசர் இரண்டாம் சரபோஜியோடு பயின்ற வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகங்களில் கீர்த்தனைகளும், 1800இல் பெத்லகேம் குறவஞ்சியும் இயற்றினார். அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சொற்களுக்கு ஒரு நிலையான வடிவம் கிடைத்தது. அச்சுக்கு அகப்படாதது மெட்டு. பாட்டின் தலையில் ராகமும் தாளமும் குறித்திருக்கும். அந்த ராகத்தில் எப்படிப் பாடுவது என்பதை ஊர்ச் சபையை நடத்திய உபதேசியார் வாயால் கேட்டுத்தான் ஊர் அறிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே மிகுதியாக இருந்த சபைகளில் சொற்களும் அதே வாயால்தான் வந்தன. ஆகவே, கருவி வந்துதான் தமிழ்ப் பாட்டைக் கெடுத்தது என்று புலம்புவது வரலாற்றுக்குப் பொருந்தாது. உபதேசியார் காலத்தில் பிழை ஊருக்கு ஒன்றாக இருந்தது; கருவி அதை எல்லா ஊருக்கும் ஒன்றாக்கியது.

1902இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் தொடங்கிய ஒலிப்பதிவு வேலை சில ஆண்டுகளில் தென்னிந்தியாவுக்கும் வந்தது. அன்றைய முறையில் பாடகர் ஒரு கூம்பு வடிவக் குழாய்க்குள் பாட, ஊசி மெழுகில் கீறும். நொடிக்குச் சுமார் 2,500 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகள் அதில் ஏறக்குறைய பதியாமலே போகும். தமிழுக்கு இது பெரிய இழப்பு. ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிய உதவும் ஒலிக்கூறுகளில் முக்கியமானவை அந்த எல்லையை ஒட்டியே கிடக்கின்றன. 1925இல் மின்முறைப் பதிவு வந்தபிறகு எல்லை ஏறத்தாழ இருமடங்கு விரிந்தது. அப்போதும் தேய்ந்த ஊசியும் கீறல் விழுந்த தட்டும் மெய்யெழுத்துகளையே முதலில் தின்றன. நேரக் கட்டுப்பாடு இன்னொரு சேதம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான் ஓடும். பல்லவி, அனுபல்லவி, எட்டுப் பத்துச் சரணங்கள் என்று விரியும் கீர்த்தனையில் இரண்டு மூன்று சரணங்களுக்கே அதில் இடம். கதையைப் படிப்படியாகச் சொல்லிப்போகும் ஒரு பாட்டில் நடுச் சரணங்கள் விடுபட்டால், தட்டை மட்டும் கேட்டு வளர்ந்தவருக்கு அவை இல்லாதவையே. ஒரு சொல் திரிவதைவிட இது கனமான மாற்றம். காதுக்குத் தெரியாததால் பேசப்படுவதில்லை.

அமெரிக்கத் தெற்கின் மலைநாட்டுப் பாடல்களும் தட்டில் ஏறும் வழியில் இப்படி மாறின. 1927இல் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் பிரிஸ்டல் நகரில் நடத்திய பதிவில் அறிமுகமான கார்ட்டர் குடும்பம், பின்னாளில் புளூகிராஸ் எனப்பட்ட இசைக்கு ஒரு பெரும் பாட்டுக் களஞ்சியத்தை விட்டுச் சென்றது. அக்குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்தபோது மெட்டுகளை நினைவில் நிறுத்தித் தந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர். 1860இல் அச்சான ஒரு பாட்டை அக்குடும்பம் 1928இல் ‘வைல்ட்வுட் ஃபிளவர்’ என்ற பெயரில் பதிவு செய்தது. வாய்வழியாகத் திரிந்து திரிந்து வந்த அதன் வரிகளில் ஒரு பூவின் பெயர் அடையாளம் தெரியாதபடி திரிந்திருக்கிறது. பாடியவர்கள் அதையே தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள். 1907இல் ஏடா ஹேபர்ஷன் எழுதி, சார்லஸ் கேப்ரியல் இசையமைத்த ‘வில் த சர்க்கிள் பி அன்புரோக்கன்’ என்ற ஞானப்பாட்டு, 1935இல் கார்ட்டர் குடும்பத்தின் தட்டில் தலைப்புச் சொல்லே மாறி, தாயின் சவ ஊர்வலத்தைச் சொல்லும் புதிய சரணங்களோடு வந்தது. இன்று உலகம் பாடுவது பெரும்பாலும் அந்தத் தட்டின் சரணங்களைத்தான். முதலாவது கேட்டலில் நேர்ந்த திரிபு, இரண்டாவது தெரிந்தே செய்த மாற்றம். இரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல முடிவது பழைய அச்சுத் தாள்கள் தப்பிப் பிழைத்ததாலும், அவற்றைத் தட்டோடு ஒப்பிட ஆள் இருந்ததாலும்தான்.

தமிழில் அந்த ஒப்பீடு பெரிதாக நடக்கவில்லை. அதற்குள் இரண்டு அலைகள் வந்துவிட்டன. ஒன்று வானொலி. 1970இல் சீஷெல்ஸ் தீவிலிருந்து ஃபீபா என்ற கிறித்தவ வானொலி சிற்றலையில் ஒலிபரப்பத் தொடங்கியது. பின்னர் இலங்கையின் புத்தளத்திலிருந்து மத்திய அலையில் டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ வந்தது. சிற்றலையில் குரல் எழுவதும் அமிழ்வதுமாக இருக்கும்; அமிழ்ந்த இடத்தைக் கேட்பவரின் மனம்தான் நிரப்பும். மற்றொன்று கேசட். சாரா நவரோஜியின் பாடல்களும், பெர்க்மான்ஸ் அடிகளாரின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் தொகுதிகளும் கீர்த்தனைப் புத்தகம் எட்டாத வீடுகளுக்குள்ளும் சென்றன. கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் படியெடுக்கும்போது ஒவ்வொரு படியிலும் இரைச்சல் கூடி உயர்ந்த அதிர்வுகள் குறைந்தன. அப்படிக் குறைந்ததைக் கேட்டு எழுதிய கையேடுகளும் பெருகின. பலியும் பழியும், ஒலியும் ஒளியும், வழியும் வலியும் இடம் மாறிக்கொள்ள இதைவிட வசதியான சூழல் இல்லை. சிக்கல் என்னவென்றால், பக்திப் பாட்டில் இரண்டு சொல்லுமே பொருள் தந்துவிடும். மீட்பர் ஏற்றது பலி என்றாலும் பழி என்றாலும் மறைக்கு ஒவ்வாதது இல்லை. பொருளற்ற பிழையைக் காது உடனே பிடித்துவிடும். பொருள் தரும் பிழை காலத்துக்கும் தங்கிவிடும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வழிபாட்டுப் பாட்டு சபையின் விசுவாச அறிக்கை. அதில் பிழை கண்டால் திருத்திவிட வேண்டியதுதானே, பாதுகாத்து வைப்பானேன்? பாடும்போது திருத்திப் பாடட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எதைப் பார்த்துத் திருத்துவது? கேசட்டைப் பார்த்து என்றால், அது ஒரு பாடகரின் உச்சரிப்பு, ஒரு ஒலிக்கூடத்தின் அவசரம், ஒரு தட்டச்சரின் காது மூன்றும் சேர்ந்த கலவை. அச்சைப் பார்த்து என்றால், அச்சும் மாறி வந்திருக்கிறது. புதிய மிஷனரிகள் பழகிய மறைமொழியை மாற்றியதை எதிர்த்து 1820களில் தஞ்சையில் வாதாடிய சாஸ்திரியாரே அதற்குச் சான்று. தம் சபையின் சொல் மாறுவதைப் பொறுக்காத அந்தப் பெரியவரின் பாடல்களுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, எந்தச் சொல் எந்தப் பதிப்பில், எந்தப் பதிவில் வந்தது என்று எழுதி வைப்பது.

இதைவிட வலுவான மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005), பரட்டை என்று அறியப்பட்டவர், கிராமியச் சந்தத்திலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டையே அமைத்தார். பாட்டு மக்களுடையது, அவர்கள் தங்கள் வாழ்வுக்கேற்ப அதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு; ஜோயி ஷெரினியன் அவரைப் பற்றி 2014இல் வெளியிட்ட நூல் இதை விரிவாகச் சொல்கிறது. அப்படியானால் பாடபேதம், அதாவது ஒரே பாட்டின் சொல் வேறுபாடுகள், தேடுவது உயிரோடு இருக்கும் பாட்டை மீண்டும் படித்தவர்களின் புத்தகத்துக்குள் அடைப்பது ஆகாதா? இந்தக் கேள்வி என்னை நெடுநேரம் நிறுத்துகிறது. சமஸ்கிருதம் தோய்ந்த கீர்த்தனை மொழி ஒடுக்கப்பட்டோரின் வாய்க்கு எட்டாமல் இருந்தது என்ற அவரது குறை உண்மையானது. கேட்டது விளங்காமல் திரித்துப் பாடியவர்களில் பலர் அந்த மொழி விலக்கி வைத்தவர்களே. ஆயினும் ஒரு சேரி ஜெபக்கூடம் சொல்லைத் தெரிந்து மாற்றியதா, தேய்ந்த நாடா மாற்றிக் கொடுத்ததா என்பது தெரியாவிட்டால், அந்த மக்களின் படைப்பு இயந்திரக் கோளாறின் கணக்கில் போய்விடும். பேதங்களைக் குறித்து வைத்தால்தான் அவர்களுக்குரிய பெயர் அவர்களுக்குக் கிடைக்கும்.

செய்முறை நமக்குப் புதிதில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஒரு சமணக் காப்பியத்துக்குச் சைவர் ஒருவர் காட்டிய அந்த அக்கறையைக் கீர்த்தனைக்குக் கிறித்தவர்களும் மற்றவர்களும் காட்டலாம். வெப்பின் தொகுப்பு முதல் இன்றைய பதிப்பு வரை ஒரு வரிசை, தட்டும் கேசட்டும் ஒரு வரிசை, சபைகளின் வாய் ஒரு வரிசை என்று மூன்றையும் அருகருகே வைக்க வேண்டும். சில முடிச்சுகள் அப்போதும் அவிழா: வானத்திலிருந்து பொழிந்த மன்னாவும், மன்னனை விளிக்கும் ‘மன்னா’வும் ஒலியிலும் எழுத்திலும் ஒன்றே, சூழல் இரண்டுக்கும் இடம் தந்தால் பதிப்பாளர் இரண்டையும் எழுதிவிட்டு நகரலாம். அவசரமான வேலை வேறு. 1980களின் நாடாக்களில் பல நாற்பது ஆண்டைத் தாண்டிவிட்டன. காந்தப் பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிறது. கேசட்டுக்கு முன்பே உபதேசியாரிடம் காதால் கற்றவர்கள் எண்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் பாடுவதைச் சரணம் விடாமல், திருத்தாமல் முதலில் பதிவு செய்ய வேண்டும். அச்சுப் புத்தகங்கள் நூலகங்களில் இன்னும் சில காலம் காத்திருக்கும்.