கரிசல் காதில் ஒரு சாக்ஸபோன்

கோவில்பட்டியில் குடியிருந்த நாயனக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் 1964இல் மறைந்தார். அதே ஆண்டு ஜூலை 10 அன்று நியூயார்க்கில் ஃப்ரீ ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஆல்பர்ட் அய்லர் ‘ஸ்பிரிச்சுவல் யூனிட்டி’ ஆல்பத்தைப் பதிவு செய்தார். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனாலும் சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கம் பங்குனிப் பொங்கலில் நாயனம் கேட்டு வளர்ந்த காது அய்லரிடம் அவ்வளவாக மிரளாது.

மூன்றே பேர். டெனர் சாக்ஸபோனில் அய்லர், பாஸில் கேரி பீகாக், டிரம்ஸில் சன்னி மரே. மொத்தம் அரை மணி நேரம்கூட இல்லை. ‘கோஸ்ட்ஸ்’ இரண்டு முறை வருகிறது. அதன் மெட்டைச் சின்னப் பிள்ளைகளும் முணுமுணுக்கலாம். அய்லர் அதை முழுசாகச் சொல்லிவிட்டுக் கிழிக்கத் தொடங்குகிறார். சுரம் நழுவி முனகலாகிறது, முனகல் அலறலாகிறது. எல்லாம் ஓய்ந்த பிறகு அதே மெட்டு. ஃப்ரீ ஜாஸின் ஆன்மிகத்தைப் பேசுகிறவர்கள் பலரும் அந்த அலறலைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். என்னை உருக்குவது அது அல்ல. அத்தனை தூரம் போனவர் மெட்டைக் கைவிடாமல் திரும்புவதுதான்.

மரே தாளம் பிடிப்பதில்லை. வெடிச்சத்தம் பழகிய ஊருக்கு இது எளிது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சரவெடியின் வேகம் திரி பின்னும்போதே முடிவாகிவிடுகிறது. மரேயின் சிம்பலில் அடுத்த ஒலி எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. நமக்கு இங்கே துணைக்கு வருவது ஆலாபனைதான். தாளமே இல்லாமல் ஒரு ராகத்தை நெடுநேரம் மூச்சால் தாங்கியவர் காருகுறிச்சி. நாயனமும் சாக்ஸபோனும் அடி அகன்ற கூம்புக் குழல்கள். சீவாளியில் உதடும் காற்றும் சேர்ந்து செய்யும் வளைவுகளைப் போன்றவற்றை அய்லர் தன் அகன்ற நடுக்கத்தில் தேடினார். ஒரு வேறுபாடு: காருகுறிச்சிக்கு ராகம் எல்லை போட்டது, அய்லருக்கு அந்த வேலிகூட இல்லை.

இந்தியாவை இசையில் தேடியவர்கள் வேறு சிலர். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1961இல் ‘இந்தியா’ வாசித்தார். 1964 டிசம்பரில் ‘எ லவ் சுப்ரீம்’ பதிவானது. அவர் மனைவி ஆலிஸின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ கோவைப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தரின் பெயர் தாங்கியது. எதிர்த்திசையில் கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனைக் கமகத்துக்கு வசப்படுத்தினார். 2008இல் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகாந்தப்பாவோடு அவர் வாசித்த ‘கின்ஸ்மென்’ ரசமான ஆல்பம். ஆனால் அதில் ஆபத்து குறைவு.

1967 ஜூலையில் கோல்ட்ரேன் இறந்தபோது அவருடைய இறுதிச் சடங்கில் அய்லர் வாசித்தார். அய்லரின் இசையில் ஊர்வலக் கொண்டாட்டமும் ஒப்பாரியும் ஒரே மூச்சில் வரும். நாயனத்தைக் கல்யாணத்துக்கும் பறையை இழவுக்கும் என்று பெரும்பாலும் பிரித்தே வைத்திருக்கும் நம் பக்கத்துக் கேட்பவர் இடறுவது அங்கேதான், இரைச்சலில் அல்ல.