இருநூறு ரூபாய் அபராதம்

பாமாவின் ‘சங்கதி’யில் (1994) ஒரு அபராதக் கணக்கு வருகிறது. மாரியம்மா என்கிற கூலிக்காரப் பெண் தண்ணீர் குடிக்க பம்புசெட்டுப் பக்கம் போகிறாள். நிலத்துக்கார முதலாளி கையைப் பிடித்து இழுக்கிறார். அவள் தப்பித்து ஓடி வந்துவிடுகிறாள். விஷயம் வெளியே போனால் தன் மானம் என்னாவது என்று முதலாளி முந்திக்கொள்கிறார். மாரியம்மாவும் அவள் தெருப் பையன் மாணிக்கமும் தப்பாக நடந்துகொண்டார்கள் என்று அவர்கள் நாட்டாமையிடமே சொல்லிவிடுகிறார். ஊர்க்கூட்டம் கூடுகிறது. உண்மையைச் சொல்லப் பார்த்த பெண்களை அதட்டி உட்கார வைத்துவிட்டு ஆம்பளைகள் தீர்ப்பு எழுதுகிறார்கள். மாரியம்மாவுக்கு 200 ரூபாய். மாணிக்கத்துக்கு 100.

நான் பி.காம். படித்தவன். கதையில் எண் வந்தால் என் கண் அங்கேயே நின்றுவிடும். குற்றமே நடக்கவில்லை. நடந்ததாகவே வைத்துக்கொள்வோம், இரண்டு பேருக்கும் அதில் சரிபாதிப் பங்கு. அப்புறம் எப்படி ஒருத்திக்கு மட்டும் டபுள்? அந்த உபரி நூறை எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது?

சமூகவியலுக்கு மூலவர்கள் என்று மூன்று பேரைச் சொல்வார்கள். மார்க்ஸ், துர்கைம், வெபர். மூன்று பேரிடமும் இந்தக் கணக்கைக் கொண்டுபோகலாம். மார்க்ஸ், பம்புசெட்டு யாருடையது, கூலி கொடுப்பது யார் என்று கேட்பார். ஊர்க்கூட்டம் ஏன் பயந்தது என்று புரிந்துவிடும். வெபர் அந்தஸ்தைக் காட்டுவார். முதலாளியின் பேச்சு ஏன் சாட்சியே இல்லாமல் எடுபட்டது என்று புரியும். துர்கைமைக் கேட்டால், தண்டனை என்பது குற்றவாளியைத் திருத்துவதற்கல்ல, கூட்டம் தன்னை ஒன்றாக உணர்ந்துகொள்வதற்கு என்பார். எல்லாம் சரிதான். மூன்று பதிலையும் கூட்டினால் முதல் நூறு ரூபாய்க்குக் கணக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது நூறு அந்தரத்தில் நிற்கிறது.

அந்த இரண்டாவது நூறைத்தான் கறுப்பினப் பெண்ணியம் கையில் எடுக்கிறது.

இங்கே ஒரு ஆச்சரியம். துர்கைம் பிறந்தது 1858-ல். அதே வருஷம் அமெரிக்காவில் ஒரு அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவர் ஆன்னா ஜூலியா கூப்பர். சமூகத்தில் வேலைப் பிரிவினை பற்றிய துர்கைமின் பேர்பெற்ற புத்தகம் 1893-ல் வந்தது. அதற்கு ஒரு வருஷம் முந்தியே கூப்பரின் புத்தகம் வந்துவிட்டது. கறுப்பினத்தவர் பிரச்னை என்றால் ஆண்கள் பேசுகிறார்கள், பெண்கள் பிரச்னை என்றால் வெள்ளைக்காரிகள் பேசுகிறார்கள், நடுவில் நிற்கிற எங்களை யாருமே கேட்கவில்லையே என்பது அவருடைய வாதம். 1925-ல், அறுபது வயது தாண்டியபிறகு, துர்கைம் பாடம் நடத்திய அதே பாரீஸ் சோர்போனில் டாக்டர் பட்டமும் வாங்கினார். துர்கைமுக்குப் பாடப்புத்தகத்தில் அத்தியாயம். கூப்பருக்கு வெகுகாலம் அடிக்குறிப்புகூடக் கிடையாது. நம் பாமா பிறந்தது 1958, ‘கருக்கு’ வந்தது 1992. இரண்டும் கூப்பரிலிருந்து கச்சிதமாக நூறு வருஷம். ஜோசியக்காரர்கள் யாராவது விளக்கினால் நல்லது.

கூப்பர் சொன்னதைக் கோர்ட்டே நிரூபித்துக் காட்டிய கதையும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஆட்குறைப்பு செய்தபோது கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்களை முதலில் அனுப்பியது. கறுப்பினப் பெண்களை அந்தக் கம்பெனி சேர்க்கத் தொடங்கியதே ரொம்பத் தாமதமாக. எனவே அவர்களுக்குத்தான் முதல் அடி. ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். 1976-ல் தீர்ப்பு வந்தது. பெண் என்று வந்தால் பெண் என்று வா, கறுப்பினம் என்று வந்தால் அப்படி வா, இரண்டையும் கலந்துகொண்டு தனி வகையாக வராதே என்கிற ரீதியில். இந்த வழக்கை வைத்துத்தான் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர் 1989-ல் தன் கட்டுரையை எழுதினார். இன்று செமினாருக்கு செமினார் அடிபடும் ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்ற வாய் சுளுக்கும் வார்த்தையின் பிறப்பு இதுதான்.

கோட்பாடு என்ற அளவில் இதைப் பெரிதாகக் கட்டி எழுப்பியவர் பட்ரீஷியா ஹில் காலின்ஸ். அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் நூறாவது தலைவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பினப் பெண். அவரை வாசிக்கிறவர்கள் அவர் மூலவர்களைத் தூக்கிக் கடாசிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. 1986-ல் எழுதிய கட்டுரையில் அவர் ஆரம்பிப்பதே ஜெர்மன் அறிஞர் ஸிம்மலிடமிருந்துதான். ஸிம்மலுக்கு ‘அந்நியன்’ என்று ஒரு கருத்து உண்டு. ஊருக்குள் வந்து தங்கிவிட்ட வெளியாள், ஊர்க்காரனுக்குத் தெரியாததையெல்லாம் பார்த்துவிடுகிறான் என்பது. காலின்ஸ் அதை எடுத்து வெள்ளைக்கார வீட்டில் சமைத்து, பிள்ளை வளர்த்த கறுப்பினப் பெண்ணுக்குப் பொருத்தினார். ‘உள்ளே இருக்கும் வெளியாள்’ என்றார். எஜமானரின் பெருமையெல்லாம் எப்படி நிற்கிறது என்பதை அடுப்பங்கரையிலிருந்து பார்த்தவள் அவள்.

அழகான யோசனை. ஆனால் இதை அப்படியே கொண்டுவந்து நம் ஊரில் இறக்கும்போதுதான் எனக்கு இடிக்கிறது.

போடிமெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்பே போடியிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் பெண்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் ஏறுகின்றன. பதினேழு கொண்டை ஊசி வளைவு, செக்போஸ்ட், அந்தப் பக்கம் கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்களில் இறங்குகிறார்கள். ஏலச் செடியில் காய் பிடிப்பது தூரில், தரையோடு தரையாக. நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோ பறிக்க வேண்டும். இருட்டுவதற்குள் மறுபடி ஜீப். அப்புறம் வீட்டில் அடுப்பு. ஸிம்மலின் அந்நியன் இன்று வந்து நாளையும் தங்கிவிடுகிறவன். இவர்கள் இன்று வந்து இன்றே போய் நாளைக்கும் வருகிறவர்கள். ஸிம்மல் மனதில் வைத்திருந்தது வியாபாரியை. போடியில் ஏலக்காய் ஏலம் எடுக்கிற வியாபாரிக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். கிலோ என்ன விலைக்குப் போனது என்பது பேப்பரிலும் வந்துவிடும். குனிந்து பறித்தவளின் இடுப்புவலி எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

காலின்ஸின் அடுப்பங்கரையும் இங்கே அப்படியே பொருந்தாது. அமெரிக்காவில் நிறவெறி எத்தனை கொடூரமாக இருந்தாலும் அந்தப் பெண் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். நம் கிராமத்தில் மாரியம்மாவைக் கொல்லைப்புறம் தாண்டி விட்டிருப்பார்களா? தீண்டாமை அவளுக்கு ‘உள்ளே’ என்ற ஒன்றையே தரவில்லை. முதலாளி யார் என்பதை அவள் தெரிந்துகொண்டது வயலில், பம்புசெட்டு மறைவில். ஆக, நம் ஊர்க் கோட்பாடு அடுப்பங்கரையிலிருந்து பிறக்க முடியாது. களத்துமேட்டிலும் தண்ணீர்க் குழாயடியிலும் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சிலிருந்துதான் பிறக்கும். பாமா தன் புத்தகத்துக்கு வைத்த பெயரைப் பாருங்கள். ‘சங்கதி’. பாட்டி சொன்னது, பக்கத்து வீட்டுக்காரி சொன்னது என்று துண்டு துண்டாகப் போகிறது, இதில் நாவலுக்கான கட்டுக்கோப்பு எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் துண்டுகள்தான் அதன் ஆய்வுமுறை என்பது என் கட்சி. காலின்ஸே கறுப்பினப் பெண்களின் புளூஸ் பாட்டையும் வீட்டுப் பேச்சையும் கோட்பாட்டுக் கணக்கில் சேர்த்தவர்தான்.

ஆனால் இங்கே யார் சேர்க்கிறார்கள்? வெபரின் வர்க்கம், அந்தஸ்து, அதிகாரம் என்ற சட்டகத்தைத் தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றில் வைத்துப் பார்த்த ஆந்த்ரே பெத்தேயின் புத்தகம் 1965-ல் வந்தது. நல்ல புத்தகம். அவர் தங்கியது அக்ரஹாரத்தில். அதனால் மற்ற தெருக்களில், முக்கியமாக ஆதிதிராவிடர் தெருவில், சகஜமாகப் பழக முடியவில்லை, அங்கே கிடைத்த தகவல் சுமார்தான் என்று அவரே நேர்மையாக எழுதியிருக்கிறார். நேர்மை சரி. ஆனால் அந்தத் தெருவிலிருந்து ஒருத்தி எழுதினால் அது ‘அனுபவம்’, அக்ரஹாரத்தில் தங்கி எழுதினால் ‘கோட்பாடு’. கோபால் குரு 2002-ல் இந்தப் பிரிவினையைத்தான் போட்டு உடைத்தார். சமூக அறிவியலிலும் கோட்பாட்டுப் பிராமணர்கள், தரவு சேகரிக்கும் சூத்திரர்கள் என்று வர்ணம் இருக்கிறது என்றார். தலித் பெண்கள் தனியாகப் பேச வேண்டிய அவசியத்தை அவர் 1995-லேயே எழுதிவிட்டார். மூன்று வருஷம் கழித்து ஷர்மிளா ரெகே அதை நீட்டினார். தலித் அல்லாத பெண்களும் அந்த இடத்தில் நின்று பார்க்கக் கற்றுக்கொள்ளலாம் என்றார். நான் ரெகே பக்கம். பட்டவளுக்கு மட்டும்தான் புரியும் என்று சொல்லிவிட்டால், பிறகு புத்தகம் எதற்கு?

இதெல்லாம் காகிதச் சண்டை என்று தோன்றினால், போடிமெட்டைத் தாண்டி மூணாறு வரை போய் வாருங்கள். 2015 செப்டம்பரில் அங்கே கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள், ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவிகித போனஸ் கேட்டு. ஒன்பது நாள். பக்கத்தில் வந்த தொழிற்சங்கத் தலைவர்களை விரட்டினார்கள். வர்க்கம் பேசிய சங்கம்தான், ஆனால் தலைமை முழுக்க ஆம்பளைகள். கிட்டத்தட்ட மாரியம்மாவின் ஊர்க்கூட்டம். கொழுந்து பறிப்பது நாங்கள், பேரம் பேசுவது நீங்களா என்று கேட்டவர்கள் காலின்ஸைப் படித்திருக்க வாய்ப்பில்லை. போனஸ் கிடைத்தது. கூலிக்காகத் தொடர்ந்து போராடி, 232 ரூபாய் தினக்கூலி 301 ஆனது. கேட்டது 500. நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் நின்று ஜெயித்தவர்களும் உண்டு. அப்புறம் அமைப்புக்குள்ளேயே பிளவு, ஆளுக்கொரு பக்கம். அந்தப் பிளவைப் பற்றி ஒரு ‘சங்கதி’ எழுதப்பட்டால் முதல் பிரதிக்கு நான் பணம் கட்டத் தயார்.