தெரிந்த வேலைக்குச் சான்று: இலங்கையும் இந்தியாவும்

இருபது வருடம் கொத்து வேலை பார்த்தவரை ஒரு வகுப்பில் உட்காரவைத்து, கரண்டி பிடிப்பதிலிருந்து பாடத்தைத் தொடங்கினால் அவர் மறுநாள் வரமாட்டார். வந்தால் அன்றைய கூலி போய்விடும். வயது வந்தோருக்கான குறுகிய காலத் தொழிற்பயிற்சியைத் திட்டமிடும் அரசுகள் இந்த எளிய உண்மையை அடிக்கடி மறந்துவிடுகின்றன. பள்ளி முடித்த பிள்ளைக்குப் பாடம் வேண்டும். முப்பது, நாற்பது வயதில் வருபவருக்கோ, கையில் இருக்கும் திறமையை எடைபோட்டுப் பார்த்து, குறைவதை மட்டும் சொல்லித்தந்து, அதற்கு மேலே என்ன என்று வழிகாட்டும் ஏற்பாடு வேண்டும். இந்த வரிசையை இலங்கை சரியாகப் பிடித்தது என்பதும், அதை நடத்திக்காட்டத் தேவையான காசை இந்தியாதான் ஒதுக்கத் தொடங்கியது என்பதும் என் கருத்து.

இலங்கையில் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கு அடித்தளமிட்டது. அதன்கீழ் 2000களின் நடுவில் ஏழு மட்டங்கள் கொண்ட தேசியத் தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ., நடைமுறைக்கு வந்தது. முதல் நான்கு மட்டங்கள் சான்றிதழ், அடுத்த இரண்டும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். இதில் மெச்சத்தக்க பகுதி, வகுப்புக்கே போகாதவருக்கும் திறந்திருக்கும் வாசல். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை என்று அதற்குப் பெயர். ஒரு மேசன் விண்ணப்பித்தால் முதலில் நேர்காணல் நடக்கும். கட்டிய வேலைகளின் படங்களையும் வேலை கொடுத்தவர்களின் கடிதங்களையும் அவர் கோப்பாகத் தருவார். பிறகு மதிப்பீட்டாளர் அவர் வேலை செய்வதை நேரில் பார்ப்பார்: சாந்து எந்த விகிதத்தில் கலக்கிறார், மூலைக்கல்லுக்குத் தூக்குக்குண்டு பிடிக்கிறாரா, வரிக்கு வரி மட்டம் பார்க்கிறாரா, சாரத்தில் ஏறும்போது பாதுகாப்பைக் கவனிக்கிறாரா. எல்லா அலகுகளிலும் தேறினால் மூன்றாம் அல்லது நான்காம் மட்டச் சான்றிதழ். சிலவற்றில் மட்டும் தேறினால் அவற்றுக்குத் தனிப் பதிவு கிடைக்கும். மீதியைப் படித்துவிட்டுத் திரும்ப வரலாம். ஆளை முழுசாகத் தோற்கடிக்காத இந்த ஏற்பாட்டைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இந்தியாவில் 2013இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. 2015இல் திறன் இந்தியா இயக்கமும், பிரதமரின் கௌசல் விகாஸ் திட்டமும் வந்தன. காகிதத்தில் இங்கும் மட்டங்கள் உண்டு. முன்பே தெரிந்த திறனுக்கு அங்கீகாரமும் உண்டு. ஆனால் 2016 முதல் 2020 வரைக்கான இலக்கு ஒரு கோடிப் பேர் என்று வைத்தபோதே போக்கு தீர்மானமாகிவிட்டது. குறுகிய காலப் பயிற்சிகள் பெரும்பாலும் 150 முதல் 300 மணி நேரம். அங்கீகாரப் பிரிவிலோ சில மணி நேர அறிமுக வகுப்பு, ஒரு தேர்வு, தேறியவருக்கு 500 ரூபாய் என்ற அளவில் காரியம் முடிந்தது. பயிற்சி நிறுவனங்களுக்குப் பணம் தவணையாகப் போனது. அதில் பெரும்பங்கு சான்றிதழ் வழங்கும் கட்டத்துக்கு, சிறு பங்குதான் வேலை கிடைத்ததற்கு. பணம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நிறுவனத்தின் கவனமும் இருக்கும். திட்டத்தின் நான்காம் கட்டத்தில் வேலைவாய்ப்புக் கணக்கைத் திட்டத்திலிருந்தே பிரித்துவிட்டார்கள். பயிற்சி முடித்தவர் தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ளட்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். வழியே போடாமல் தேர்ந்துகொள்ளச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இரண்டே கால் கோடி மக்கள்கூட இல்லாத தீவையும் 140 கோடிப் பேர் வாழும் நாட்டையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். ஒவ்வொரு கொத்தனாரின் வேலைத்தளத்துக்கும் ஆள் அனுப்ப முடியுமா? டெல்லியிலிருந்து முடியாதுதான். ஆனால் இந்தியாவில் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. பட்டறையும் பயிற்றுநரும் உள்ள ஒவ்வொன்றும் தன் சுற்றுவட்டாரத்தின் மதிப்பீட்டு மையமாகலாம். தடை மக்கள்தொகையில் இல்லை. ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை காட்டவேண்டும் என்ற அவசரத்தில் இருக்கிறது.

நல்ல வேலைக்காரரை ஊரே அறியும், அவருக்கு எதற்குத் தாள் என்பது இன்னொரு ஆட்சேபம். சொந்த ஊரைவிட்டு நகராதவரைக்கும் அது சரி. 2022 பொருளாதார நெருக்கடியின்போது மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வேலைக்காக நாட்டைவிட்டுப் போனார்கள். கத்தாரில் இறங்கும் வெல்டருக்கு ஊரின் சாட்சி உதவாது. கல்யாணமாகி வேறு மாவட்டம் போகும் தையற்காரிக்கும் அதே நிலைமைதான். வளைகுடாவிலிருந்து திரும்புகிறவரோ அங்கே கற்றதை இங்கே காட்ட வழியின்றிப் பழைய கூலிக்கே போகிறார். அப்படிப்பட்டவர்களுக்காகவும் உருவானதுதான், ஒருவரின் திறமையையும் அனுபவத்தையும் பதிந்து தரும் இலங்கையின் திறன் கடவுச்சீட்டு.

இருந்தும் இலங்கையின் முறை நான்காம் மட்டத்துக்கு மேலே தளர்ந்துபோகிறது. ஐந்தாம் மட்டத்துக்குக் குடும்பஸ்தர் ஒருவர் போகவேண்டுமானால் மாதக்கணக்கில் வருமானத்தை விடவேண்டும். இரத்மலானையிலுள்ள தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகப் பட்டம்வரை போக ஆங்கிலமும் வேண்டும். கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ தமிழில் மட்டும் படித்தவருக்கு அந்த மேல்மட்டங்கள் பெயரளவில்தான் திறந்திருக்கின்றன. இங்கேதான் இந்தியாவிடம் கற்க ஒன்று உண்டு. 2023இல் கைவினைஞர்களுக்காக வந்த விஸ்வகர்மா திட்டம் பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகையும், கருவி வாங்க 15,000 ரூபாயும் தருகிறது. அது குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்று தமிழ்நாடு மறுத்ததில் நியாயம் இருக்கிறது. வயது வந்தவரின் தொழிற்பாதை அவருடைய அப்பாவின் தொழிலில் தொடங்கவேண்டியதில்லை. ஆனால் பயிற்சிக்கு வரும் நாளின் கூலியை அரசு ஈடுகட்டவேண்டும் என்ற கொள்கையை அந்த எதிர்ப்போடு சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது.

இரு நாடுகளும் செய்யாத ஒன்று மிச்சமிருக்கிறது: சான்றிதழைக் கூலியோடு பிணைப்பது. இந்தியாவின் குறைந்தபட்சக் கூலி அறிவிப்புகள் திறனற்றவர், அரைத்திறனர், திறனர் என்று தரம் பிரிக்கின்றன. ஆனால் யார் எந்தத் தரம் என்பதைப் பெரும்பாலும் வேலை கொடுப்பவர் வாய்தான் தீர்மானிக்கிறது. பாலமும் பள்ளிக்கூடமும் கட்டவைக்கும் அரசுதான் இரு நாட்டிலும் பெரிய வேலை கொடுப்பவர். நான்காம் மட்டச் சான்று உள்ளவருக்கு இன்ன கூலிக்குக் குறையக் கூடாது என்று தன் ஒப்பந்தப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை சேர்க்க அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவைப்படாது.