கடைசியாகச் சேமித்தவர் சொன்னதே உண்மையா?

ஒரே ஒரு பி.எச்.பி. கோப்பு. அதைச் சர்வரில் ஏற்றிவிட்டால் உலாவியிலேயே தரவுத்தளத்தைத் திறந்து பதிவுகளைத் திருத்தலாம். செக் நாட்டு நிரலாளர் யாகுப் வ்ரானாவின் அட்மினரும், நிரல் தெரியாத பயனர்களுக்காக அதிலிருந்து பிறந்த அட்மினர் எடிட்டரும் இந்தப் பாணிக்கு முன்மாதிரிகள். இப்போது எந்தச் சிறு நிறுவனத்துக்கும் இதையே பரிந்துரைக்கிறார்கள். குறை சொன்னால், ‘எளிமைதான் அதன் பலம்’ என்று பதில் வருகிறது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

பலம் இருப்பது உண்மை. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் எதுவானாலும் திரை ஒன்றுதான். எடுத்துச் செல்வதும் வேலை முடிந்ததும் அழிப்பதும் சுலபம். அட்மினரின் 4.6.2 வரையிலான பதிப்புகளில் சர்வர் கோப்புகளை வெளியாள் படிக்க வழிவிட்ட ஓட்டையும் 4.6.3-இல் அடைக்கப்பட்டுவிட்டது. என் குறை பாதுகாப்பு பற்றியது அல்ல.

ஒரு வாடிக்கையாளரின் பதிவை இரண்டு ஊழியர்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் தொலைபேசி எண்ணை மாற்றிச் சேமிக்கிறார். இரண்டாமவரின் திரையில் இன்னும் பழைய எண்தான் இருக்கிறது. அவர் முகவரியை மட்டும் திருத்திச் சேமிக்கிறார். ஆனால் படிவம் அனுப்புவது முகவரியை மட்டுமல்ல, எல்லாப் புலங்களையும். புதிய எண்ணின் மேல் பழைய எண் ஏறிவிடுகிறது. இருவருக்குமே ‘சேமிக்கப்பட்டது’ என்ற செய்தி வருகிறது. எண் தொலைந்தது இருவருக்கும் தெரியாது.

இதில் தரவுத்தளத்தின் மேல் பிழையில்லை. பக்கம் திரைக்கு வந்த கணத்திலேயே அதனுடனான தொடர்பு முடிந்துவிடுகிறது. ஒருவர் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் முழுக்கப் பதிவைப் பூட்டிவைக்க முடியாது. ஆகவே சரிபார்க்கும் பொறுப்பு திருத்தும் திரையுடையது. இந்த வகைத் திரைகள் அந்தப் பொறுப்பைக் கைகழுவிவிட்டன. 2005-இல் வெளியான ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தின் நிர்வாகப் பக்கத்திலும் இதே ஓட்டை உண்டு. எந்தப் புலம் மாறியது என்று அது குறித்துவைக்கும். முந்தைய மதிப்பு என்ன என்பதைக் குறிக்காது. ஆக, தொலைந்ததை மீட்கவும் வழியில்லை.

இது தீர்வு தெரியாத சிக்கலும் அல்ல. ஆய்வாளர்கள் குங், ராபின்சன் இருவரும் பூட்டில்லாமல் மோதலைக் கண்டறியும் முறையை 1981-லேயே எழுதிவிட்டார்கள். 1992-இல் வந்த மைக்ரோசாஃப்ட் அக்சஸைப் பாருங்கள். நீங்கள் திருத்தத் தொடங்கிய பிறகு வேறொருவர் அதே பதிவை மாற்றியிருந்தால் அது எச்சரித்து, உங்கள் மாற்றத்தைச் சேமிப்பதா, கைவிடுவதா என்று கேட்கும். கனமானது, பழசு என்று இன்று பலர் ஒதுக்கும் மென்பொருளில் இருந்த பண்பு, இலகுவான கருவிகளில் இல்லை.

யாரோ வடிவமைத்த அட்டவணையில் மாற்றத்தைக் கண்டறிய உதவும் பதிப்பு எண்ணுக்கான பத்தியை எப்படி எதிர்பார்ப்பது என்பார்கள். எதிர்பார்க்கவே வேண்டாம். திரைக்கு வந்த பழைய மதிப்புகளைப் படிவத்திலேயே மறைத்துவைத்து, ‘42-ஆம் பதிவை மாற்று’ என்பதற்குப் பதிலாக ‘இந்த மதிப்புகள் இன்னும் அப்படியே இருந்தால் 42-ஆம் பதிவை மாற்று’ என்று ஆணையிட்டால் போதும். எந்த வரியும் மாறவில்லை என்று தரவுத்தளம் சொன்னால் பயனரை எச்சரிக்கலாம். மாறிய புலங்களை மட்டும் அனுப்பினால் பாதி விபத்துகள் நடக்கவே நடக்காது. இதற்காகக் கோப்பு பருத்துவிடாது.

‘சின்ன இடம், இரண்டே பேர், இதெல்லாம் தேவையா?’ என்ற வாதம்தான் எனக்கு மிகவும் கசக்கிறது. பெரிய நிறுவனத்தில் தணிக்கைப் பதிவு இருக்கும், காப்புப்பிரதி இருக்கும், விசாரிக்க ஆளும் இருப்பார். சின்ன இடத்துக்கு அந்தத் திரை ஒன்றுதான் துணை. அது ‘சேமிக்கப்பட்டது’ என்று சொல்வதை நம்பித்தான் அவர்கள் அடுத்த வேலைக்குப் போகிறார்கள். பிறர் உழைப்பை ஓசையில்லாமல் அழித்துவிட்டு வெற்றிச் செய்தி காட்டும் கருவியை எளிமையானது என்று மெச்ச எனக்கு மனமில்லை. பதிவைத் திருத்தும் திரைக்கு இந்தச் சரிபார்ப்பு கூடுதல் வசதி அல்ல, அடிப்படைக் கடமை. அது இல்லாத கருவியைத் தரவைப் பார்க்க மட்டும் கொடுங்கள். பலர் கூடித் திருத்தும் இடத்தில் கொடுக்காதீர்கள்.