செம்புக் குழியும் தேங்காய் எண்ணெயும்

நம் மதிலோரங்களில் பூத்துச் சொரியும் போகன்வில்லாவுக்குப் பெயர் தந்த பிரெஞ்சு மாலுமியின் பெயரையே தாங்கி நிற்கிறது, பசிபிக் பெருங்கடலிலுள்ள பூகன்வில் தீவு. பப்புவா நியூ கினி அரசுக்கு உட்பட்ட அத்தீவின் மக்கள், ஒரு செம்புச் சுரங்கத்தை எதிர்த்து நின்ற வரலாற்றைச் சொல்வது டாம் ரொதரோ இயக்கிய 'தேங்காய்ப் புரட்சி' (2001) என்னும் விவரணப்படம்.

1972இல் பங்குனாவில் உற்பத்தியைத் தொடங்கிய சுரங்கம், நூறு கோடி டன்னுக்கும் மேலான கழிவை ஆறுகளில் கொட்டியது. 1988 இறுதியில், முன்பு அச்சுரங்கத்திலேயே பணிபுரிந்த பிரான்சிஸ் ஓனாவின் தலைமையில் மின்கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. மறு ஆண்டே சுரங்கம் மூடப்பட்டது. 1990இல் அரசு தீவை முற்றுகையிட்டது. மருந்தும் எரிபொருளும் நின்றன.

படத்தின் உயிர் இதற்குப் பின்னரே இருக்கிறது. தேங்காய் எண்ணெயைக் குடித்து வண்டிகள் ஓடுகின்றன. சுரங்கம் விட்டுச்சென்ற பழைய இரும்பு, ஓடை நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் பொறியாகிறது. பச்சிலைகள் மருந்தாகின்றன. ஏதுமற்றோரின் கைத்திறனை இத்துணை மகிழ்ச்சியோடு காட்டிய படங்கள் மிகக் குறைவு. (தேங்காயின் பயன்களை அறிந்த நமக்கும் சற்று வியப்புதான்!)

ஆயினும் அம்மகிழ்ச்சியே படத்தின் குறையுமாகிறது. முற்றுகையிலும் போரிலும் மாண்டோர் பதினையாயிரம் முதல் இருபதாயிரம் பேர் வரை என்பது பொதுவான மதிப்பீடு. தீவினரே இரு அணியாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டதும் அப்போரின் ஒரு பகுதி. அங்கே பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஒரே திருமுழுக்குப் பெற்றோர் எதிரெதிரே நின்றனர். போராளிகளின் தோளோடு தோளாக நடக்கும் ஒளிப்படக் கருவி இக்காயத்தின் ஆழத்திற்குள் இறங்கவில்லை. அத்தீவின் பெரும்பாலான குலங்களில் நில உரிமை தாய்வழியே வருவது. 1969இல் ரொரொவானா கடற்கரையில் காவலரின் தடியடிக்கு முன் நின்றவர்கள் பெண்களே. அவர்களுடைய குரலும் படத்தில் போதிய இடம் பெறவில்லை.

2001இல் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 2019 பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 98 விழுக்காட்டினர் தனிநாட்டைத் தேர்ந்தனர். அந்நாட்டை நடத்தப் பணம் வேண்டுமே என்று, பங்குனாவை மீண்டும் திறக்கத் தீவின் அரசே இப்போது முயல்கிறது. இதை அறிந்து பார்க்கும்போது, எண்ணெய் ஊற்றி வண்டியைக் கிளப்பும் அந்த இளைஞர்களின் சிரிப்பு வேறுவிதமாகத் தெரிகிறது.