குறுக்கே ஒரு குழாய்

அமெரிக்க வி8 இன்ஜினின் அந்தத் தடதட உறுமலுக்குக் காரணம் ஒழுங்கின்மைதான். 1955-இல் வந்த செவ்ரலே ஸ்மால் பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். ஆக, 8-ம் 4-ம் அடுத்தடுத்து ஒரே பக்கக் குழாயில் புகையைத் தள்ளும். பிறகு 5-ம் 7-ம் எதிர்ப்பக்கத்தில் அதையே செய்யும். ஒரு குழாய் திணறும்போது மற்றது சும்மா கிடக்கும்.

நடுவே ஒரு குறுக்குக் குழாய் வைத்தால் அழுத்தம் அந்தப் பக்கம் வழிந்துவிடுகிறது. ‘எச்’ வடிவில் வைத்தால் குரல் கனத்து அடித்தொண்டைக்கு இறங்கும். ‘எக்ஸ்’ வடிவில் இரு ஓட்டங்களும் கலந்துவிடுவதால் சத்தம் மழமழவென்று மேலே ஏறும். ஆர்பிஎம் கூடும்போது கொஞ்சம் குதிரைத்திறனும் சேரலாம். என் ஓட்டு எச்சுக்கே. வி8 என்ன, பந்தயக் கார் மாதிரி கீச்சிடவா பிறந்தது?

எங்கே வெட்டிப் பற்றவைப்பது? கைதேர்ந்த மெக்கானிக்குகள் குழாய் நெடுகப் பெயிண்ட் பூசி இன்ஜினை முறுக்குவார்கள். பெயிண்ட் கருகி நிற்கும் எல்லைதான் இடம். அங்கே கியர்பாக்ஸ் தாங்கி குறுக்கிட்டால் நாலு விரற்கடை தள்ளித்தான் வைத்தாக வேண்டும்.