மண்மேடும் மாயக்கதையும்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவிலே, ஏறத்தாழ 60 அடி உயர்ந்து நிற்கிறது கிரேவ் கிரீக் ஈமமேடு. ஈராயிரம் ஆண்டுகட்கு முன், அடீனா மக்கள் மண் சுமந்து எழுப்பியது. 1838-இல் குடைந்தனர், எலும்புகள் கிடைத்தன, மணிகளும் கிடைத்தன. இத்தகைய மேடுகளைத் தொல்குடிகளா கட்டியிருப்பர்? இல்லை, மறைந்துபோன வேறோர் இனமே என்று கதை கட்டினர் வெள்ளையர் பலர்.

ஏன் அந்தக் கதை? 1830-இல் தொல்குடிகளை வெளியேற்றச் சட்டம் வந்தது. அவ்வாண்டே, மறைந்த இனத்தின் சின்னங்களைக் காட்டி அதற்கு நியாயம் பேசினார் குடியரசுத் தலைவர் ஜாக்சன். கட்டியவன் வேறு என்றால், இருப்பவனைத் துரத்துவது குற்றமாகாதல்லவா!

1894-இல் சைரஸ் தாமஸின் ஆய்வறிக்கை, மேடுகளை எழுப்பியோர் அத்தொல்குடிகளின் முன்னோரே என நிறுவிற்று. பொய் வீழ்ந்தது, பறிபோன நிலமோ மீளவில்லை!

பழம்பெருமைக் கதை கேட்கும்போதெல்லாம் வினவுங்கள், தோழர்களே: சான்று எங்கே? ஆதாயம் யாருக்கு?